பம்ப் போச்சான்னு மீட்டர் சொல்லட்டும்: கார் கேள்வி பதில்

இந்த மாசம் வந்த கேள்விகள்ல முக்கால்வாசி பெட்ரோல் பம்ப் பத்தித்தாங்க. பங்க்ல நிக்கற பம்ப் இல்ல, டேங்குக்குள்ள பெட்ரோல்ல முங்கிக் கெடக்கற அந்த சின்ன மோட்டார். அதனால பிரேக், சஸ்பென்ஷன் கேள்வியெல்லாம் அடுத்த இதழுக்கு எடுத்து வெச்சுட்டு இத மட்டும் இந்தத் தடவ பேசிடலாம்.

கேள்வி (ஈரோடு வாசகர்): வணக்கம்ங்க அண்ணா. எங்கிட்ட 2005 ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் இருக்கு, நான் ரெண்டாவது ஓனர், 1,38,000 கிலோமீட்டர் ஓடிருக்கு. மூணு மாசமா நாலாவது கியர்ல முழுசா மிதிச்சா 4000 ஆர்பிஎம் தாண்டும்போது யாரோ பின்னாடி இருந்து புடிச்சு இழுக்கற மாதிரி இருக்கு, மெதுவா ஓட்டினா ஒரு குறையும் இல்ல. போன வாரம் சேலத்துல இருந்து வரும்போது வைகுந்தம் டோல்கேட் தாண்டி மத்தியான வெயில்ல ஓடிட்டிருக்கும்போதே வண்டி அணைஞ்சிருச்சு. செல்ஃப் எடுக்குது, ஸ்டார்ட் ஆகல. அரைமணி நேரம் கழிச்சு ஒண்ணுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆச்சு. பாத்த ரெண்டு மெக்கானிக்கும் பம்ப் போச்சுங்கறாங்க, ஒருத்தர் பம்ப மட்டும் மாத்தலாம்ங்கறார், இன்னொருத்தர் முழு செட்டும்ங்கறார். மாத்திடட்டுமாண்ணா? நானே வீட்ல மாத்த முடியுமா?

பதில்: தம்பி, மொதல்ல வண்டிய இத்தன வருஷம் கழிச்சும் விடாம வெச்சிருக்கீங்களே, அதுக்கே சந்தோஷம். 1.8 லிட்டர், 20 வால்வு, டர்போ, 150 குதிரை, அவுரங்காபாத்ல அசெம்பிள் ஆகி வந்த அந்த வண்டி 2004ல வந்தப்போ நம்ம ஊர்ல பெட்ரோல் டர்போன்னா என்னன்னு காட்டுன வண்டிங்க அது. அதுக்காகவே சொல்றேன், அவசரப்பட்டு பம்ப் வாங்காதீங்க. உங்க கடிதத்துல இருக்கறது ஒரு வியாதி இல்ல, ரெண்டு வியாதியா இருக்கறதுக்கு நெறைய வாய்ப்பு இருக்கு, ரெண்டையும் ஒண்ணாக் கட்டி பம்ப் தலைல போட்டுட்டாங்க.

ரோட்ல அணைஞ்ச விஷயத்த மொதல்ல பாப்போம். சூடானா அணையும், ஆறினா ஸ்டார்ட் ஆகும்னு சொன்னா இந்த எஞ்சின்ல எனக்கு மொத சந்தேகம் கிராங்க் சென்சார் மேலதான், பம்ப் மேல இல்ல. எஞ்சின் சுத்துதுன்னு இசியூவுக்கு (எஞ்சினோட கம்ப்யூட்டர்) சேதி சொல்றது அந்த சென்சார்தான், அதுக்குள்ள இருக்கற காயில் சூட்டுல விட்டுப்போச்சுன்னா இசியூ எஞ்சின் நின்னுபோச்சுன்னு நெனச்சு ஸ்பார்க்கையும் நிறுத்தும், பம்ப் ரிலேவையும் நிறுத்தும். அப்ப பின்னாடி காத வெச்சுக் கேட்டா பம்ப் சத்தம் வராது, பாக்கறவங்க பம்ப் போச்சும்பாங்க. பம்ப்புக்கு கரண்டே போகலைங்கறதுதான் உண்மை. நானே 10 வருஷத்துக்கு முன்னாடி இதே மாதிரி ஒரு வண்டிக்குப் புது பம்ப் போட்டுக் குடுத்து, நாலாம் நாள் அவர் மறுபடியும் ரோட்ல நின்னாரு. குடும்பத்தோட நின்னாரு. அப்புறம் சென்சார் மாத்தி சரியாச்சு, பம்ப் காச திருப்பிக் குடுத்தேன், ஆனா ராத்திரி நேரத்துல அந்தக் கொழந்தைங்கள ரோட்டோரம் நிக்க வெச்சது இன்னும் மனசுல இருக்கு. அதனாலதான் இவ்ளோ நீட்டிச் சொல்றேன்.

அடுத்த தடவ அணைஞ்சா நீங்க செய்ய வேண்டியது ஒண்ணே ஒண்ணு. செல்ஃப் அடிக்கும்போது ஆர்பிஎம் முள்ளப் பாருங்க. செல்ஃப் நல்லா சுத்தியும் முள் சைபர்லயே செத்துக் கெடந்தா கிராங்க் சென்சார், இல்ல அதோட வயர். முள் கொஞ்சம் எழுந்து 200 பக்கம் ஆடுச்சுன்னா சென்சார் வேல செய்யுது, அப்ப பெட்ரோல் பக்கம் வரலாம். இன்னொரு அடையாளமும் இருக்கு, அணையும்போது சுவிட்ச்ச அமுக்கின மாதிரி டக்குனு அணைஞ்சா கரண்ட் சம்பந்தப்பட்டது, பெட்ரோல் தீந்து போற வண்டி மாதிரி ரெண்டு மூணு தடவ குலுங்கி, இழுத்து, மூச்சு வாங்கி அணைஞ்சா பெட்ரோல். உங்க கடிதத்துல எப்படி அணைஞ்சதுன்னு எழுதல, யோசிச்சுப் பாருங்க, கண்டிப்பா ஞாபகம் வரும்.

இப்ப அந்த 4000 ஆர்பிஎம் இழுவை. இதுல பம்ப் மேல சந்தேகப்படறது நியாயம்தான், ஏன்னு சொல்றேன். ஐடில்ல மணிக்கு ஒரு லிட்டர் குடிக்கற எஞ்சின், முழு பூஸ்ட்ல, அதாவது டர்போ காத்த முழுசா அழுத்தித் தள்ளும்போது, மணிக்கு 40 லிட்டருக்கு மேல கேக்கும். அது மட்டும் இல்ல, பிரஷர் ரெகுலேட்டர்ல இருந்து இன்டேக் மேனிஃபோல்டுக்கு (எஞ்சினுக்குக் காத்து போற குழாய்) ஒரு சின்ன ஹோஸ் போகுது பாருங்க, பூஸ்ட் ஏற ஏற அது வழியா ரெகுலேட்டரும் பெட்ரோல் பிரஷர ஏத்தும். அதாவது அதிகமா பெட்ரோல் வேணும்ங்கற அதே நேரத்துல அதிக பிரஷர்லயும் வேணும். தேஞ்சுபோன பம்ப் ஊருக்குள்ள ஓட்டற வரைக்கும் சமாளிச்சிடும், அங்கதான் மாட்டிக்கும். அப்ப காத்து பெட்ரோல் கலவைல பெட்ரோல் பத்தாம லீன் ஆகும், டர்போ எஞ்சின்ல லீனா வெச்சு மிதிச்சா பிஸ்டனே உருகும், அதனால இது தெளிவாகற வரைக்கும் தயவுசெஞ்சு முழுசா மிதிக்காதீங்க.

ஆனா இதே இழுவைய இக்னிஷன் காயிலும் குடுக்கும் (இந்த எஞ்சினுக்கு காயில் ஒரு தீராத தலைவலி), கிழிஞ்ச டர்போ ஹோஸும் குடுக்கும், உள்ள போற காத்த அளக்கற ஏர்ஃப்ளோ மீட்டரும் குடுக்கும். எதுன்னு கண்டுபிடிக்க இசியூவ படிக்கற ஸ்கேனர் வேணும். அதுல 32ஆம் பிளாக்க எடுங்க, இசியூ பெட்ரோல எவ்ளோ கூட்டிக் கொறைக்குதுன்னு சதவீதத்துல ரெண்டு நம்பர் காட்டும், மொதல்ல ஐடிலுக்கு, ரெண்டாவது லோடுக்கு. ஐடில் கணக்கு மட்டும் ப்ளஸ்ல ஏறிருந்தா எங்கயோ காத்து உள்ள வருது. லோடு கணக்கு ப்ளஸ்ல ஏறிருந்தா ஏர்ஃப்ளோ மீட்டர் குறைச்சு சொல்லுது, இல்லன்னா பெட்ரோல் பத்தல. ஸ்கேனர்ல 17536னு ஃபால்ட் கோடு வந்துச்சுன்னா அது இந்த ரெண்டாவது வகை, 17544ன்னா மொத வகை. கோட பாத்த உடனே பம்ப் ஆர்டர் போடற ஆளுங்க இருக்காங்க, அந்தத் தப்ப நீங்க பண்ணாதீங்க, கோடு எந்தத் திசைன்னு மட்டும்தான் காட்டும்.

அப்புறம் கரண்ட். டேஷ்போர்டு ஓரத்துல, டோர் தொறந்தா தெரியற மூடிக்குள்ள 28ஆம் ஃபியூஸ் பம்ப்போடது. ஸ்டியரிங்குக்கு அடியில இருக்கற ரிலே பலகைல 409னு நம்பர் போட்டது பம்ப் ரிலே. பின்சீட்ட தூக்கினா மூணு ஸ்க்ரூ போட்ட ஒரு மூடி, அதுக்கடியில பம்ப்போட கனெக்டர். நாலு வயர் வரும், ரெண்டு தடிப்பானது பம்ப்புக்கு, ரெண்டு மெல்லிசானது பெட்ரோல் முள்ளுக்கு. கனெக்டர கழட்டி வெச்சு வோல்டேஜ் பாத்தீங்கன்னா 12 காட்டும், அத நம்பி ஏமாந்துடுவீங்க, லோடு இல்லாத வயர் எப்பவும் 12 காட்டும். கனெக்டர் மாட்டின நெலையில, பம்ப் ஓடிட்டிருக்கும்போது பின்பக்கமா மீட்டர் முனைய சொருகிப் பாக்கணும். பேட்டரில இருக்கற வோல்டுக்கும் இங்க வர்ற வோல்டுக்கும் ஒரு வோல்டுக்கு மேல வித்தியாசம் இருந்தா பம்ப் மேல தப்பு சொல்ல முடியாது, ரிலே, எர்த், கனெக்டர் இந்த மூணுல ஒண்ணு. அந்த கனெக்டர நல்லா வெளிச்சத்துல பாருங்க, வெள்ளை பிளாஸ்டிக் ஒரு பின்ன சுத்தி மட்டும் டீ கறை மாதிரி பழுப்பாகி, லேசா இளகி பின் சாஞ்சு நிக்கும். அப்படி இருந்தா புது பம்ப் போட்டாலும் ஆறு மாசத்துல இதே கதைதான்.

கரண்ட் சரியா வருதுன்னா பிரஷர். சப்ளை லைன்ல ஒரு டி ஜாயின்ட் வெச்சு பிரஷர் கேஜ் மாட்டுங்க. ரெகுலேட்டர் மேலேயே எத்தன பார்னு பொறிச்சிருக்கும், 3 பார் ரெகுலேட்டர்னா மேனிஃபோல்டுக்குப் போற அந்த வாக்குவம் ஹோஸ கழட்டின நெலையில 3 பார் இருக்கணும், ஹோஸ மாட்டினா ஐடில்ல அரை பார் கொறஞ்சு ரெண்டரை பக்கம் நிக்கணும். இது ஐடில் கணக்கு, இதுல பாஸ் ஆன பம்ப் ரோட்ல ஃபெயில் ஆகும். அதனால நீளமான ஹோஸ் வெச்சு கேஜ பானெட்டுக்கு வெளிய எடுத்து, முன் கண்ணாடி மேல வைப்பர் பிளேடுக்கு அடியில வெச்சு, காலியான ரோட்ல மூணாவது கியர்ல ஒரே ஒரு தடவ மிதிச்சுப் பாருங்க, ஓட்டறது ஒருத்தர், கேஜ் பாக்கறது இன்னொருத்தர். கேஜ வண்டிக்குள்ள கொண்டு வரவே கூடாது, ஹோஸ் உருவிச்சுன்னா மடியில பெட்ரோல். பூஸ்ட் ஏறும்போது முள் 3 தாண்டி மேல போகணும். போகாம கீழ சரிஞ்சா அங்கயே கால எடுத்துடுங்க, உங்க பதில் கெடச்சிடுச்சு.

இன்னும் ஒரு சோதனை, அளவு. ரிட்டர்ன் லைன கழட்டி ஒரு கேன்ல விட்டு பம்ப்ப 30 விநாடி ஓட்டுங்க. முக்கால் லிட்டர் பக்கமாவது விழணும்ங்கறது என் கைக்கணக்கு. பிரஷர் இருந்தும் அளவு இல்லன்னா மொதல்ல ஃபில்டர மாத்திட்டு மறுபடி அளங்க, வண்டிக்கு அடியில டேங்க் பக்கத்துல இருக்கற அந்த ஃபில்டர் உங்க வண்டில எப்ப மாத்துனாங்கன்னு யாருக்காவது தெரியுமா? கிளாம்ப் மீட்டர் இருந்தா கரண்டயும் பாத்துடுங்க. நல்ல பம்ப் பெரும்பாலும் 4ல இருந்து 7 ஆம்பியருக்குள்ள நிக்கும். ஆம்பியர் ஏறி சத்தமும் ஏறினா அடைப்பு, ஆம்பியர் கொறஞ்சு பம்ப் சோம்பலா சுத்தினா உள்ள கார்பன் பிரஷ் தேஞ்சிருச்சு.

இவ்வளவும் பாத்து பம்ப்தான்னு உறுதியாச்சுன்னா மாத்தலாம். வீட்ல முடியுமான்னு கேட்டீங்க. முடியும், ஆனா நான் சொல்ற இந்த ஒரு பாராவ ரெண்டு தடவ படிங்க. எங்க தெருவுல ஒரு பட்டறைல டேங்க் மூடிய தொறந்து வெச்சுட்டு பழைய குண்டு பல்பு போட்ட கைவிளக்க புடிச்சிட்டு ஒரு பையன் எட்டிப் பாத்தான், பல்பு மேல நாலு சொட்டு பெட்ரோல் தெறிச்சு பல்பு வெடிச்சுது. பின்சீட்டு, கூரைத்துணி எல்லாம் ஒரே மூச்சுல புடிச்சுது. பையன் உசுரோட இருக்கான், கை ரெண்டும் முழங்கை வரைக்கும் தோல் மாறிப்போச்சு. அதனால வெளிய திறந்த இடத்துல, நாலு கதவும் தொறந்து, பேட்டரி எர்த் கழட்டி, எல்இடி டார்ச் மட்டும் வெச்சு, தீயணைப்பு சிலிண்டர் கை எட்டற தூரத்துல வெச்சு, பக்கத்துல ஒரு ஆளோட பண்ணுங்க. வீட்டு போர்டிகோவுல, பக்கத்துல பூஜை ரூம் விளக்கு எரியற இடத்துல வேண்டவே வேண்டாம். டேங்க்ல கால்வாசிக்கு மேல பெட்ரோல் இல்லாதப்ப பண்ணுங்க.

பேட்டரி எர்த் கழட்டறதுக்கு முன்னாடி 28ஆம் ஃபியூஸ உருவிட்டு வண்டிய ஸ்டார்ட் பண்ணி தானா அணைய விடுங்க, லைன்ல இருக்கற பிரஷர் எறங்கிடும். மூடிய கழட்டறதுக்கு முன்னாடி பிரஷும் வேக்குவமும் போட்டு சுத்தி இருக்கற மண்ண எடுத்துடுங்க, 20 வருஷ மண்ணு, ஒரு கரண்டி உள்ள விழுந்தாலும் புது பம்ப் சல்லடைல போய் ஒக்காரும். கருப்பு லைன் சப்ளை, நீலக் குறி போட்டது ரிட்டர்ன், கழட்டறதுக்கு முன்னாடி போட்டோ எடுத்துக்கோங்க. பெரிய பிளாஸ்டிக் வளையத்த சுத்தியலும் ஸ்க்ரூடிரைவரும் வெச்சுத் தட்டிக் கழட்டறாங்க, வளையம் உடையும், உலோகத்துல உலோகம் பட்டா பொறியும் வரும், அதுக்குன்னு இருக்கற டூல வாடகைக்காவது வாங்குங்க. பம்ப்ப நேரா தூக்காம சாய்ச்சு தூக்குங்க, முள்ளுக்கான மெதவை கம்பி வளைஞ்சா அப்புறம் வாழ்நாள் முழுக்க முள் பொய் சொல்லும். உள்ள போடும்போது மேல் மூடில இருக்கற அம்புக்குறி டேங்க்ல இருக்கற கோட்டோட நேரா வரணும்.

டேங்க் வாய அடைக்கற பெரிய ஓ-ரிங் (ரப்பர் வளையம்) கண்டிப்பா புதுசு. பழசு பெட்ரோல் குடிச்சு ஊதிருக்கும், கழட்டின அஞ்சாவது நிமிஷம் அதே பள்ளத்துல திரும்ப ஒக்காராது, அமுக்கி வெச்சா ஒரு பக்கம் எழுந்துக்கும். அத அப்படியே போட்டு மூடினா கால் டேங்க்ல ஒண்ணும் தெரியாது, ஃபுல் டேங்க் போட்ட அன்னிக்கு வண்டிக்குள்ள பெட்ரோல் வாசம் வரும்.

பம்ப் மட்டுமா முழு செட்டான்னு கேட்டீங்களே, முள் ஒழுங்கா காட்டுது, பிளாஸ்டிக் கூடு வெடிக்கல, கனெக்டர் உருகலன்னா பம்ப் மட்டும் போதும். இதுல எதாச்சும் ஒண்ணு இருந்தா செட்டா போடுங்க. எதுவா இருந்தாலும் பில்லோட, பார்ட் நம்பர் ஒத்துப்பாத்து வாங்குங்க, பாதி விலைக்கு டப்பா மட்டும் ஒரிஜினலா இருக்கற பம்ப் மார்க்கெட்ல நெறைய சுத்துது. எல்லாம் மாட்டினதும் உடனே செல்ஃப் அடிக்காம சாவிய நாலஞ்சு தடவ ஆன் ஆஃப் பண்ணி லைன் நெறைய விடுங்க, மூடிய போடாம ஸ்டார்ட் பண்ணி பத்து நிமிஷம் டார்ச் அடிச்சு கசிவு பாருங்க. பிரஷரும் 32ஆம் பிளாக்கும் மறுபடி பாத்து எழுதி வெச்சுக்கோங்க.

கேள்வி (சேலம் வாசகர்): சார், 2002 ஹோண்டா சிட்டி 1.5 விடெக். எல்பிஜி கிட் இருக்கு. மூணு வருஷத்துல ரெண்டு பம்ப் மாத்தியாச்சு. இப்ப வெயில்ல நிறுத்திட்டு வந்தா ஸ்டார்ட் ஆகறதில்ல, சாயங்காலம் ஒரே செல்ஃப்ல ஸ்டார்ட் ஆகுது. மூணாவது பம்ப்பும் போச்சா?

பதில்: மூணாவது பம்ப் நல்லா இருக்கும்னு நம்பறேன் சார். இந்த வயசு ஹோண்டாவுல, வெயில்ல நின்னா ஸ்டார்ட் ஆகலன்னா ரெண்டு எடம்தான், டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ள இருக்கற இக்னைட்டர், இல்ல டேஷ்போர்டுக்கு அடியில இருக்கற மெயின் ரிலே. ஸ்டார்ட் ஆகாதப்ப ஒரு பிளக்க கழட்டி ஸ்பார்க் வருதான்னு பாருங்க, வரலன்னா இக்னைட்டர் பக்கம் போங்க. ஸ்பார்க் வந்து, சாவிய ஆன்ல வெச்சா ரெண்டு விநாடி வர வேண்டிய பம்ப்போட அந்த 'ங்ங்' சத்தம் பின்னாடி வரலன்னா மெயின் ரிலே.

அந்த ரிலேவ கழட்டி பிளாஸ்டிக் கூட்ட நெம்பி எடுங்க, உள்ள சின்ன போர்டு வரும். ஈயம் வெச்ச பக்கத்த வெளிச்சத்துக்கு சாய்ச்சு, நகை கடைல வெச்சிருப்பாங்களே அந்த லென்ஸ் வெச்சு ஒவ்வொரு புள்ளியா பாருங்க. நல்ல புள்ளி பனித்துளி மாதிரி மினுமினுன்னு இருக்கும். விட்டுப்போன புள்ளில பின்ன சுத்தி தலைமுடி கனத்துல ஒரு கருப்பு வளையம் தெரியும். வண்டிக்குள்ள வெயில்ல சூடு ஏறும்போது அந்த வளையம் பிரிஞ்சு பம்ப்புக்குப் போற கரண்ட் அறுந்துடும், கண்ணாடி எறக்கி காத்தாட விட்டா ஒட்டிக்கும். பழைய ஈயத்த உறிஞ்சி எடுத்துட்டு புது ஈயம் வெச்சா வேல முடிஞ்சுது, டிவி ரிப்பேர் பண்றவர் பத்து நிமிஷத்துல பண்ணிடுவார். முடிஞ்சா புது ரிலேவே போட்டுடுங்க, குடும்பத்தோட வெளியூர் போற வண்டி.

மொத ரெண்டு பம்ப் ஏன் போச்சுங்கறது வேற கதை, அதுக்குக் காரணம் உங்க எல்பிஜிதான். கேஸ்ல ஓடும்போதும் பல கிட்ல பெட்ரோல் பம்ப் சும்மா சுத்திட்டேதான் இருக்கும். பம்ப்ப குளிர வைக்கறதும் வழுவழுப்பு குடுக்கறதும் அதுக்குள்ள ஓடற பெட்ரோல்தான். கேஸ் வண்டிதானேன்னு 200 ரூபாய்க்கு பெட்ரோல் போட்டு மாசக்கணக்குல முள் அடியிலயே இருந்தா பம்ப் காத்தையும் சூட்டையும் குடிச்சே சாகும். எப்பவும் கால் டேங்குக்குக் கீழ விடாதீங்க, கேஸுக்கு மாறும்போது பம்ப் கரண்ட கட் பண்ற ரிலே உங்க கிட்டுக்குப் போட முடியுமான்னு கிட் போட்டவர கேளுங்க, வாரத்துல ஒரு நாள் பெட்ரோல்லயே ஓட்டுங்க.

கேள்வி (மதுரை வாசகி): அப்பாவோட ஃபியட் பேலியோ 1.6. பெரிய பள்ளத்துல விட்டு ஏத்தினதும் அணைஞ்சிடுச்சு, பம்ப் சத்தம் இல்ல. இழுத்துட்டு வந்து ஷெட்ல விட்ருக்கோம், பம்ப் மாத்தணும்னு சொல்லிட்டாங்க.

பதில்: மாத்தறதுக்கு முன்னாடி உடனே போன் பண்ணி நிறுத்தச் சொல்லுங்கம்மா. பேலியோவுல இன்னர்ஷியா சுவிட்ச்னு ஒண்ணு இருக்கு. ஆக்சிடென்ட் ஆனா பெட்ரோல் ஓடி தீ புடிக்கக்கூடாதுன்னு அதுவே பம்ப் கரண்ட அறுத்துடும், பலமான பள்ளத்துலயும் சில சமயம் விழுந்துடும். எங்க இருக்குன்னு ஓனர் மேனுவல்ல படத்தோட இருக்கும், மேல இருக்கற பட்டன அமுக்கினா திரும்ப ஒக்காந்துக்கும். அமுக்கறதுக்கு முன்னாடி வண்டிக்கு அடியில பெட்ரோல் வாசமோ சொட்டோ இருக்கான்னு கட்டாயம் பாத்துடுங்க, பள்ளத்துல அடிபட்டு லைன் உடைஞ்சிருந்தா அந்த சுவிட்ச் விழுந்தது உங்களக் காப்பாத்தத்தான். அமுக்கியும் சத்தம் வரலன்னா ஃபியூஸ், ரிலே, வோல்டேஜ்னு மேல சொன்ன வரிசைல போகச் சொல்லுங்க.

கேள்வி (திருச்சி வாசகர்): எல்லா பங்க்லயும் இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்) தான் கெடைக்குது. என்னோட பழைய டர்போ பெட்ரோல் வண்டில பம்ப் தாங்குமா அண்ணே?

பதில்: இந்தக் கவல நியாயமானதுண்ணே, நானும் கவலப்படறவன்தான். 20 வருஷத்துக்கு முன்னாடி வந்த வண்டில ரப்பர் ஹோஸ், சீல், ஓ-ரிங் எதுவும் 20 சதவீத எத்தனால நெனச்சு செஞ்சதில்ல. பம்ப் மோட்டார் உடனே சாகாது. மொதல்ல காட்டறது ரப்பர்தான், ஹோஸ் கிளாம்ப் பக்கத்துல வேர்த்த மாதிரி ஈரம், வெரல் வெச்சா பிசுபிசுப்பு. எஞ்சின் ரூம்ல இருக்கற ரப்பர் லைன் எல்லாத்தையும் எத்தனால் தாங்கற ஹோஸா மாத்திடுங்க, பம்ப்புக்கு முன்னாடி அதுதான் அவசரம், சூடான டர்போ பக்கத்துல பெட்ரோல் கசிஞ்சா என்ன ஆகும்னு சொல்லத் தேவையில்ல.

ரெண்டாவது, பழைய டேங்க்ல ஒட்டிக் கெடக்கற கசடையெல்லாம் எத்தனால் கழுவி விடும், அது நேரா பம்ப் சல்லடைக்கும் ஃபில்டருக்கும் போகும். அதனால இ20க்கு மாறின மொத 3000, 4000 கிலோமீட்டர்ல ஃபில்டர ஒரு தடவ மாத்திடுங்க. எத்தனால் தண்ணியையும் இழுக்கும், மாசக்கணக்குல ஓடாம நிக்கற வண்டில தண்ணி சேந்து எத்தனாலோட அடியில தனியா பிரிஞ்சு ஒக்காந்துக்கும், பம்ப் மொதல்ல உறிஞ்சறது அடில இருக்கறதத்தான். ஞாயித்துக்கிழமை மட்டும் எடுக்கற வண்டியா இருந்தாலும் வாரா வாரம் எடுங்க.

இன்னொரு விஷயம் மெக்கானிக்குகளுக்கும் சேத்து சொல்றேன். இ20ல எரியறதுக்குத் தேவையான அளவே அதிகம், வெறும் பெட்ரோலோட ஒப்பிட்டா ஏறக்குறைய 7 சதவீதம் கூட ஊத்தணும். பழைய இசியூவுக்கு எத்தனால்னு ஒண்ணு இருக்கறதே தெரியாது, லீனா இருக்குன்னு நெனச்சு தானா கணக்க ப்ளஸ்ல ஏத்திக்கும். ஸ்கேனர்ல ப்ளஸ் 6, 7னு பாத்துட்டு பம்ப் வீக்னு முடிவு பண்ணாதீங்க. அது எத்தனாலோட கணக்கு. ப்ளஸ் 15, 20னு போனா கேஜ் மாட்டுங்க. ஏற்கனவே பாதி தேஞ்ச பம்ப்புக்கு இந்த 7 சதவீதமே பாரம்தான், போன வருஷம் வரைக்கும் சமாளிச்ச பம்ப் இந்த வருஷம் மேட்டுல மூச்சு வாங்கறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

கேள்வி (கோவை வாசகர்): ஆக்டேவியா ஆர்எஸ், ரீமேப் (இசியூ புரோகிராம மாத்தி பவர் ஏத்தறது) பண்ணப் போறேங்ணா. மணிக்கு 255 லிட்டர் தர்ற வால்ப்ரோ பம்ப் போட்டுடலாமா?

பதில்: டர்போவ மாத்தாம ரீமேப் மட்டும்னா வேண்டாங்க. கம்பெனி கே03 டர்போவுல சாதாரண ரீமேப்புக்கு, நல்ல நெலையில இருக்கற கம்பெனி பம்ப் போதும். "நல்ல நெலையில" அப்படிங்கறதுதான் முக்கியம், ரீமேப்புக்குப் போறதுக்கு முன்னாடி ஈரோடு தம்பிக்கு சொன்ன அந்த வைப்பர் அடியில கேஜ் வெக்கற சோதனைய பண்ணிட்டுப் போங்க, ரீமேப் பண்றவர் கேக்கலன்னாலும் நீங்க பண்ணுங்க. பெரிய பம்ப் போட்டா ஐடில்ல தேவைக்கு மேல வர்ற பெட்ரோல் எல்லாம் ரெகுலேட்டர் வழியா டேங்குக்குத் திரும்பணும், அந்த சின்ன ஓட்டையும் ரிட்டர்ன் லைனும் அவ்ளோ அளவ விட முடியாம ஐடில் பிரஷர் ஏறிக்கும், வண்டி ஊருக்குள்ள ரிச்சா (பெட்ரோல் தேவைக்கு மேல) ஓடி புகை வாசம் அடிக்கும். பம்ப் இழுக்கற ஆம்பியரும் அதிகம், 20 வருஷப் பழைய வயரும் கனெக்டரும் அத சுமக்கணும். பெரிய டர்போ, பெரிய இன்ஜெக்டர்னு போகற அன்னிக்கு பேட்டரில இருந்து தனி தடி வயர், தனி ரிலே, ஃபியூஸ் போட்டு அந்த பம்ப்ப வைங்க. இப்போதைக்கு அந்தக் காசுல நாலு இக்னிஷன் காயில், பிளக், ஒரு ஃபியூல் ஃபில்டர் வாங்கிப் போட்டுட்டு ரீமேப்புக்குப் போங்க.